தலை ஆடாத டார்ச் விளக்கு

தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரி உங்கள் வீட்டு டார்ச் விளக்கை எடுத்து ஒரு தரம் ஆட்டிப் பாருங்கள். தேங்காய்க்குள் தண்ணீர் சலசலத்தால் சந்தோஷப்படலாம். டார்ச்சுக்குள் 'கடகட' என்று சத்தம் கேட்டால் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. முன்பக்கத்துக் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ ஆடுகிறது என்று அர்த்தம். அநேகமாக அது பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணமாகத்தான் இருக்கும். கடைக்காரர் ரிஃப்ளெக்டர் என்று சொல்வாரே, அதுதான். நாம் அதைக் கிண்ணம் என்றே அழைப்போம்.

"ஆடினால் ஆடிவிட்டுப் போகட்டுமே! விளக்கு எரிகிறதே, போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. டார்ச் விளக்கைப் பட்டப் பகலில் யாரும் தேடுவதில்லை. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை உலுக்கிய பிறகு வந்த இரவுகளையும், 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலுக்குப் பிறகு தஞ்சை, நாகை ஜில்லாக்களில் மின்சாரம் இல்லாமல் கழிந்த இரவுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி இரவில்தான் குழந்தைக்கு ஜுரம் வரும். மருந்து பாட்டிலின் மேல் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கும். கொல்லைப்புறத்தில் ஏதோ சரசரக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு. தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடித்துவிடுவதும் உண்டு. அப்போது வெளிச்சம் நீங்கள் காட்டிய இடத்தில் விழ வேண்டும். பக்கத்துச் சுவரில் விழுந்து பிரயோசனம் இல்லை.

"கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசியின் வெளிச்சம் அருகில் பரவும், தூரத்துக்குப் பாயாது. மின்சாரம் இல்லாத நாளில் அதன் சார்ஜை உறவினர்களோடு பேசுவதற்குச் சேமித்து வைப்பதே புத்திசாலித்தனம். எனவே டார்ச்சுக்கு இன்னும் வீட்டில் இடம் உண்டு.

கிண்ணம் செய்கிற வேலை

பல்பின் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிற சுபாவம் உடையது. அதைச் சேர்த்துக் கட்டி, ஒரே திசையில் அனுப்புவதுதான் கிண்ணத்தின் வேலை. அதன் வளைவு கண்ணால் பார்த்துத் தட்டிய வளைவு அல்ல. கணக்குப் புத்தகத்தில் பரவளையம் என்று வருமே, அந்த வளைவு. அதற்குள்ளே ஒரே ஒரு புள்ளிக்கு விசேஷ மகிமை உண்டு. குவியம் என்று அதற்குப் பெயர். அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் கதிர்கள் எல்லாம் கிண்ணத்தில் பட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போவதுபோல் நேர்க்கோட்டில் வெளியே போகும்.

பல்பு அந்தப் புள்ளியிலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். குவியம் கிண்ணத்தின் அடியிலிருந்து 8 மில்லி மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பு பக்கவாட்டில் அரை மில்லி மீட்டர் விலகுகிறது. அதாவது 16-க்கு 1 பங்கு. கிண்ணத்தின் அடியில் பட்டுத் திரும்பும் கதிரும் அதே விகிதத்தில் சாயும். 10 மீட்டர் தூரத்தில் பார்த்தால் அது 60 சென்டி மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழுகிறது! மற்றக் கதிர்கள் ஆளுக்கொரு அளவில் சாய்வதால், அழகான வட்டம் கலைந்து வால் முளைத்த நட்சத்திரம் மாதிரி ஆகிவிடும். உள்ளே நடந்தது அரை மில்லி மீட்டர் ஆட்டம். வெளியே தெரிவது இரண்டு அடி ஆட்டம்!

பித்தளை போய் பிளாஸ்டிக் வந்தது

டார்ச் விளக்குக்கு வயது நூறுக்கு மேல் ஆகிறது. டேவிட் மிசெல் என்பவர் கண்டுபிடித்த குழாய் வடிவ விளக்குக்கு 1899 ஜனவரி 10-ஆம் தேதி அமெரிக்காவில் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. கான்ராட் ஹூபெர்ட் என்பவரின் கம்பெனி அதைச் செய்து விற்றது. அட்டைக் குழாய், அதற்குள் பாட்டரிகள், முனையில் ஒரு பல்பு, அதன் பின்னால் பித்தளைத் தகடு. அந்தக் காலத்துப் பாட்டரிக்குத் தெம்பு போதாது. தொடர்ந்து எரிக்க முடியாமல் பளிச் பளிச்சென்று விட்டு விட்டுத்தான் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் 'பளிச்சிடும் விளக்கு' என்று பெயர் வந்த கதை இதுதான்.

பிறகு உலோகத்தில் உடம்பு வந்தது. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அமெரிக்கச் சிப்பாய்களின் கழுத்து வளைந்த டார்ச்கூடப் பித்தளையை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. இன்று நம் வீட்டு டார்ச்சுகளில் பெரும்பாலும் உடம்பும் பிளாஸ்டிக், தலையும் பிளாஸ்டிக், கிண்ணமும் பிளாஸ்டிக். வெற்றிடத்தில் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, அந்த ஆவியைக் கிண்ணத்தின் உட்புறம் படியவைக்கிறார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற மாதிரிதான். ஆனால் தலைமயிரின் பருமனைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய பூச்சு இது.

பிளாஸ்டிக் லேசானது, துருப்பிடிக்காது, கையில் ஷாக் அடிக்காது. எல்லாம் சரி. ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். சூடு பட்டால் உலோகத்தைவிட அதிகமாக விரியும். கூரான உள்மூலையில் விரிசல் விடும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு செய்தால் பிளாஸ்டிக் தலை பல வருஷம் உழைக்கும். தெரியாமல் செய்தால், முதல் முறை கீழே விழும்போதே கிண்ணம் கழன்றுகொள்ளும்.

நீங்களே ஒரு டார்ச் செய்யப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சமையலறையில் இவ்வளவு நாள் பழகியதைக் கொண்டே இந்த வேலையை முடித்துவிடலாம்.

கேரியர் அடுக்காதீர்கள்

மலிவான டார்ச்சின் உள்ளே இருப்பது சாப்பாட்டுக் கேரியர் சூத்திரம். பின்பக்கத்து ஸ்பிரிங் பாட்டரிகளை முன்னே தள்ளுகிறது. பாட்டரி பல்பைத் தள்ளுகிறது. பல்பு கிண்ணத்தைத் தள்ளுகிறது. கிண்ணம் கண்ணாடியைத் தள்ளுகிறது. கண்ணாடியை முன் வளையம் பிடித்துக்கொள்கிறது. கேரியரில் மேல் கொக்கி தளர்ந்தால் சாம்பார், ரசம், மோர் எல்லா அடுக்கும் ஆடுமே, அப்படித்தான் இங்கேயும். முன் வளையம் அரைச் சுற்று தளர்ந்தால் போதும், எல்லாமே ஆட ஆரம்பிக்கும்.

விளக்கு தலைகீழாக விழுந்தால் கேட்கவே வேண்டாம். பெரிய பாட்டரி இரண்டு சேர்ந்தால் சுமார் 200 கிராம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 16 கிலோ மீட்டர் வேகம் இருக்கும். டார்ச்சின் தலை தரையில் நின்றுவிட்டாலும், உள்ளே பாட்டரிகள் அதே வேகத்தில் முன்னே பாயும். அவை 1 மில்லி மீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டுமானால், தங்கள் எடையைப்போல் ஆயிரம் மடங்கு பலத்தோடு மோதும். அதாவது 200 கிலோ! இரண்டு மூட்டை அரிசியை ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தின் கழுத்தில் இறக்கிவைத்த மாதிரி. அது தாங்குமா?

ஆகையால் முதல் விதி: கிண்ணத்தின்மேல் பாட்டரியின் பாரம் விழக்கூடாது. பாட்டரி அறைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே, டார்ச்சின் உடம்போடு சேர்ந்தாற்போல் ஒரு தடுப்புச் சுவர் வார்த்துவிடுங்கள். பல்பு அந்தச் சுவரில் உட்காரட்டும். பாட்டரிகள் முட்டினால் சுவரோடு முட்டிக்கொள்ளட்டும். கிண்ணம் சுவருக்கு இந்தப் பக்கம் நிம்மதியாக இருக்கும். வெளிச்சத்தைத் திருப்புகிறவனைப் போய் மூட்டை தூக்கச் சொல்லலாமா?

அதோடு, தலையைச் சுற்றி வெளியே ஒரு ரப்பர் உறையும் மாட்டுங்கள். 1 மில்லி மீட்டரில் நிற்க வேண்டிய விளக்கு, ரப்பர் அமுங்குவதால் 5 மில்லி மீட்டர் தூரத்தில் நின்றால், 200 கிலோ 40 கிலோவாகக் குறைந்துவிடும். அடி படுகிற குழந்தையைத் தரைக்குப் பதில் மெத்தையில் பிடிப்பதுபோல்தான்.

அடுப்புக்கு மூன்று கல்

அடுத்தாற்போல், கிண்ணம் எதன்மேல் உட்காருவது? தலைக்குள் சுற்றிலும் ஒரு படி செதுக்கி, அதன்மேல் கிண்ணத்தின் விளிம்பை வைத்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக், ஆறும்போது வடகம் காய்வதுபோலச் சுருங்கும். டார்ச்சுகளுக்கு அதிகம் உபயோகிக்கும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் 100 மில்லி மீட்டருக்குச் சுமார் அரை மில்லி மீட்டர் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்குமா என்றால், அதுவும் இல்லை. படி கொஞ்சம் கோணினாலும் கிண்ணம் அதன்மேல் 'டக் டக்'கென்று ஆடும்.

நம் பாட்டிமார் இதற்குப் பரிகாரம் கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆகிறது. அடுப்புக்கு எத்தனை கல் வைத்தார்கள்? மூன்று. தரை மேடும் பள்ளமுமாக இருந்தாலும் மூன்று கல்லின்மேல் வைத்த பானை ஆடாது. நாலு கால் முக்காலிதான் ஆடும். மூன்று கால் முக்காலி ஆடவே ஆடாது. டார்ச் தலையின் படியிலும் சம தூரத்தில் மூன்று சின்ன மேடுகள் இருக்கட்டும். கிண்ணத்தின் விளிம்பு அந்த மூன்றின்மேல் மட்டும் உட்காரட்டும். விளிம்பில் ஒரு சின்ன வெட்டும், அதில் பொருந்துகிற ஒரு பல்லும் வைத்துவிட்டால், மூடியைத் திருகும்போது கிண்ணமும் சேர்ந்து சுழலாது.

கழுத்தில் நெருக்கம், விளிம்பில் தாராளம்

கிண்ணத்தை எங்கே இறுக்கமாகப் பிடிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வெளி விளிம்பைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். வெயில் படும் ஜன்னலோரத்தில் டார்ச் கிடந்தால் உள்ளே சூடு ஏறும். 50 மில்லி மீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் கிண்ணம் 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லி மீட்டரில் எட்டில் ஒரு பங்கு விரிகிறது. விரிய இடம் இல்லாவிட்டால் என்ன செய்யும்? நெளியும். நெளிந்த கண்ணாடியில் முகம் எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும், வெளிச்சமும் அப்படித்தான்.

நடுவே, பல்பு நுழைகிற கழுத்தைப் பிடியுங்கள். பல்பு இருக்கும் சுவரில் ஒரு சின்ன வட்ட மேடை எழுப்பி, கிண்ணத்தின் கழுத்து அதில் நெருக்கமாகப் பொருந்தும்படி செய்துவிட்டால், பல்பும் கிண்ணமும் ஒரே மையத்தைப் பார்க்கும். வெளி விளிம்பைச் சுற்றிக் கால் மில்லி மீட்டர் இடைவெளி விட்டுவிடுங்கள். வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, அது தன்பாட்டுக்கு இருக்கும். மையம் மட்டும் நகராது.

குக்கர் வளையத்தின் பாடம்

இனி கிண்ணத்தை அந்த மூன்று மேடுகளின்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியைத் திருகி இறுக்கினால் போதாதா? முதல் மாதம் போதும். அப்புறம்தான் விஷயம். எப்போதும் மாட்டியே வைத்த துணி கிளிப் நாளடைவில் பிடிப்பு இழப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறுக்கப்பட்ட பிளாஸ்டிக்கும் அப்படியே மெல்ல மெல்லத் தளர்ந்துகொடுக்கும். மூடி திருகினபடியே இருக்கும். உள்ளே அழுத்தம் மட்டும் போய்விடும்.

பிரஷர் குக்கர் மூடியில் ரப்பர் வளையம் எதற்கு? இடைவெளியை நிரப்பிக்கொண்டு எப்போதும் தள்ளிக்கொண்டே இருப்பதற்கு. இங்கும் அதையே செய்யுங்கள். கிண்ணத்தின் விளிம்பின்மேல் கண்ணாடி. கண்ணாடியின்மேல் ரப்பர் வளையம். அதன்மேல் மரை போட்ட மூடி. 2 மில்லி மீட்டர் தடிமனுள்ள ரப்பர் அரை மில்லி மீட்டர் அமுங்கினால் போதும். சிலிக்கோன் ரப்பராக இருந்தால் இன்னும் நெடுநாள் உழைக்கும். மழைத் தண்ணீரும் உள்ளே போகாது. ரப்பரின் அழுத்தம் மரையையும் பிடித்துக்கொள்வதால் மூடி தானாகத் தளராது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரப்பர் முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கிண்ணத்தின் பின்னால் ரப்பரை வைத்தால் கிண்ணம் நிற்கும் இடம் தினத்துக்கு ஒன்றாக மாறும். பின்னால் கெட்டியான மூன்று மேடு. முன்னால் மெத்தென்ற ரப்பர். இதுதான் ரகசியம்.

வீட்டில் எல்லோருக்கும் கை பலம் ஒன்றுபோல் இருக்குமா? கூஜாவின் மூடியை ஒருவர் மூடிவைத்தால் நாலு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டியிருக்கும்! அப்படிப்பட்ட கையில் டார்ச் அகப்பட்டால் கிண்ணம் நசுங்கும். ஆகவே, ரப்பர் வேண்டிய அளவு அமுங்கியதும் மூடி டார்ச்சின் உடம்பில் முட்டி நின்றுவிடும்படி ஓர் எல்லை வையுங்கள். அதற்கு மேல் எவ்வளவு பலசாலி திருகினாலும் கிண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது.

மூலையும் பசையும்

துணியில் கத்திரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டால், பிறகு இழுத்த மாத்திரத்தில் அங்கிருந்துதான் கிழியும். பிளாஸ்டிக்கில் கூரான உள்மூலை அந்த வெட்டுப் போன்றது. மேடு, பல், படி எல்லாம் சுவரோடு சேருகிற இடத்தைக் கூராக விடாமல் வளைவாக வழித்துவிட வேண்டும். சுவரின் கனத்தில் பாதி அளவு வளைவு இருந்தால் நல்லது. சில டார்ச்சுகளில் கிண்ணத்தைப் பிடிக்கச் சிறு கொக்கிகள் வைத்திருப்பார்கள். அந்தக் கொக்கி ஒடிகிற இடம் எப்போதும் அதன் அடி மூலைதான்.

"இத்தனை வம்பு எதற்கு? ஒரு சொட்டுப் பசை விட்டு ஒட்டிவிட்டால் தீர்ந்தது" என்று யாராவது சொன்னால், தயவு செய்து கேட்காதீர்கள். உடனே ஒட்டுகிற அந்தப் பசையின் ஆவி, கிண்ணத்தில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு அது துடைத்தாலும் போகாது. துடைத்தால் அலுமினியப் பூச்சுதான் போகும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் டார்ச்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகளுக்கும் இந்த விதிகள் அப்படியே பொருந்தும். கூடுதலாக இரண்டு. எல்.இ.டி.யின் சூடு அதன் முதுகுப் பக்கமாக இறங்கும். பிளாஸ்டிக்குக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. ஆகவே பின்னால் ஓர் அலுமினியத் துண்டு வேண்டும். மேலும், கிண்ணத்தின் பூச்சு உலோகம் ஆனதால் மின்சாரம் பாயும். அது எல்.இ.டி.யின் கால்களைத் தொட்டுவிட்டால் விளக்கு அணைந்துவிடும். நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் போட்டால் மின்சாரத்தையும் தடுக்கும், கிண்ணத்தையும் மையத்தில் நிறுத்தும்.

கடையில் நிற்கும்போது

இவ்வளவும் தெரிந்த பிறகு, கடைக்காரர் எடுத்துப் போடுகிற டார்ச்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுவீர்களா என்ன? பாட்டரி போட்டு முதலில் காதருகே ஆட்டுங்கள். பிறகு ஒரு மீட்டர் தள்ளி நின்று சுவரில் அடித்து, டார்ச்சைக் கைக்குள்ளேயே மெல்ல உருட்டுங்கள். வெளிச்ச வட்டத்தின் நடுப்பகுதி அதே இடத்தில் நிற்க வேண்டும். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தால், பல்பும் கிண்ணமும் மையத்தில் இல்லை என்று பொருள். உள்ளங்கையில் தலையை இரண்டு தரம் தட்டிவிட்டு மறுபடியும் அடித்துப் பாருங்கள். வட்டம் மாறியிருந்தால் கிண்ணம் நகர்ந்துவிட்டது. கடைக்காரர் சம்மதித்தால் மூடியைத் திருகிப் பாருங்கள். ரப்பர் வளையம் இருக்கிறதா? மூடி ஓரிடத்தில் கெட்டியாக முட்டி நிற்கிறதா?

சில டார்ச்சுகளின் பெட்டியில் எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்று ஓர் எண் இருக்கும். 2009-இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி, குறைந்தது 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்த பிறகே அதைப் போடலாம். வெளிச்சம் எத்தனை மீட்டர் பாயும் என்று இன்னோர் எண் இருக்கும். பௌர்ணமி நிலவு தருகிற அளவு வெளிச்சம் எட்டும் கடைசித் தூரம் அது. ஆக, '100 மீட்டர்' என்று போட்டிருந்தால், அங்கே நிலா வெளிச்சம்தான் கிடைக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது!

வாங்கி வந்த பிறகு கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தொடவோ, புடவைத் தலைப்பால் துடைக்கவோ வேண்டாம். தூசி இருந்தால் ஊதிவிட்டால் போதும். பல நாள் உபயோகிக்காமல் வைப்பதானால் பாட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், ரப்பர் வளையம் விறைத்துவிட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நடுநிசியில் தொட்டிலுக்கும் மருந்து அலமாரிக்கும் இடையே நிற்கும்போது அந்த ஐந்து நிமிஷத்தின் அருமை தெரியும்.

மனிதர்களுக்குத் தலைக்கனம் கூடாது என்பார்கள். டார்ச்சுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தாலும் பாதகம் இல்லை. தலை ஆட்டம் மட்டும் கூடவே கூடாது!